ஐஸ் பெட்டியில் வந்த ரத்தம்

ஜமுனா, பிரபு, ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஜமுனா, நீ திங்கட்கிழமை முதல் லேப் வேலைக்குப் போகப்போகிறாய். பிரபு, உனக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. உங்களோடு படிக்கும், வேலைக்குச் சேரும் மற்ற பிள்ளைகளுக்கும் வேண்டுமானால் படித்துக் காட்டுங்கள். அப்பா பிளஸ் டூவும் அதற்கு மேல் ஒரு டிப்ளமாவும் படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

மெஷினை எப்படி ஓட்டுவது, எந்தக் குழாய்க்கு எந்த நிற மூடி என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வருவது சந்தேகப்படுவதைப் பற்றி. பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்கிறேன், பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறேன் என்று உங்கள் அம்மா கேலி செய்வாள் அல்லவா? அது எனக்குப் பிறவியிலேயே வந்த குணம் கிடையாது. தண்டையார்பேட்டை ரத்தப் பரிசோதனை லேபில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. அதில் ஒரு நாள் கதையை மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிய வேண்டும். பிரபு, பரீட்சைக்கு நீ இதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாய். புரிந்ததா என்று கேட்டேன், தலையை ஆட்டினாய். எனக்கு அதிலும் சந்தேகம்தான்.

நரம்பு செல் ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய சவ்வுக்குள் இருக்கிறது. சவ்வுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம். வெளியே சோடியம் அதிகம். கடல் தண்ணீரில் இருக்கிறதே, அதே உப்புச் சோடியம்தான். சவ்வில் பொட்டாசியம் கசிந்து போக மட்டும் சின்னச் சின்ன வழிகள் எப்போதும் திறந்திருக்கின்றன. பொட்டாசியம் பிளஸ் மின்சாரம் கொண்டது. அது வெளியே கசியக் கசிய உள்பக்கம் மைனஸ் ஆகிறது. அந்த மைனஸ், மிச்சமிருக்கும் பொட்டாசியத்தைப் போகவிடாமல் பிடித்து இழுக்கிறது. வெளியே தள்ளுகிற வேகமும் உள்ளே இழுக்கிற வேகமும் ஏறக்குறையச் சமமாகிற இடத்தில் நரம்பு நிற்கிறது. அதைத்தான் ஓய்வு நிலை மின்னழுத்தம் என்கிறார்கள். அந்த மைனஸ் சரியான அளவில் இருந்தால்தான், ‘கையைத் தூக்கு’ என்று மூளை சொன்னதும் செய்தி ஓடும்.

ஆனால் சோடியமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். அப்படியே விட்டால் ரெண்டு பக்கமும் கலந்துவிடும். அதற்காகச் சவ்விலேயே ஒரு பம்ப் இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், ரெண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இரவும் பகலும் இதே வேலை. காசிமேட்டில் கட்டிப்போட்டிருக்கும் விசைப்படகைப் பார்த்திருக்கிறீர்கள். கடலுக்கே போகாமல் நின்றாலும் அடியில் சேரும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருப்பார்கள். இறைக்காவிட்டால் படகு நின்ற இடத்திலேயே மூழ்கும். நரம்பு ஓய்வாக இருப்பதும் அப்படித்தான், இறைத்தால்தான் ஓய்வு. தசைக்கும் இதே ஏற்பாடு. ரத்தத்தின் சிவப்பு அணுவுக்கும் இதே பம்ப். கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள்.

இனி கதை.

அது மே மாதம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் வரிசை கட்டி நின்றன. அன்று வரிசை நகரவே இல்லை. திருவொற்றியூர் பக்கத்து நர்சிங் ஹோம்களில் எடுத்த ரத்தத்தை எங்கள் லேபுக்குக் கொண்டுவருவது பிலோமினா அக்கா வேலை. காசிமேட்டுக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாம் மீன் ஏலத்தில். காலையில் வாங்கிய குழாய்களோடு அக்கா ஷேர் ஆட்டோவில் மாட்டிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்து சேர்ந்தார்.

“பேஜாரு சார். வண்டி ஒரு அடி நவுரல. கடசீல பாதி தூரம் நடந்தே வந்தேன்” என்று பெட்டியை மேசையில் வைத்தார்.

அந்தப் பெட்டியில் ஒரு குழாய் டில்லிபாபு என்பவருடையது. எர்ணாவூர்க்காரர், கண்டெய்னர் யார்டில் லோடு ஆள், முப்பது வயதுக்குள். முந்தின நாள் தோஸ்து கல்யாணத்தில் வயிறு முட்டப் பிரியாணியும் இனிப்பும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்க முடியவில்லை. ரெண்டு காலும் மரக்கட்டை. நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் நர்சிங் ஹோமில் சேர்த்திருந்தார்கள். இதெல்லாம் ரத்தத்தோடு வந்த சீட்டில் இல்லை. பிறகு எனக்குத் தெரிந்தது. சீட்டில் இருந்தது ஒரே வரி: சோடியம், பொட்டாசியம், அவசரம்.

அணுக்கள் அடியில் படியும்படி குழாயை வேகமாகச் சுற்றவிட்டு, மேலே தெளிந்ததை அளக்கிற மெஷினில் போட்டேன். பொட்டாசியம் நார்மல். போனில் சொன்னேன்.

போனை எடுத்தவர் அந்த நர்சிங் ஹோமின் டாக்டரம்மா. “நார்மலா? சார், கோவிச்சுக்காதீங்க, இந்த ரிப்போர்ட்ட நான் நம்பல” என்றார்.

“ஏன் மேடம்?”

“இ.சி.ஜி. வேற மாதிரி சொல்லுது. பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சா வர்ற மாதிரி இருக்கு. காலைல கால்தான் வரல. இப்ப கையும் வரல. நீங்க நார்மல்னு சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணு பொய். எது?”

“பார்த்துட்டுச் சொல்றேன் மேடம்.”

போனை வைத்ததும் அடுத்த போன். தெரியாத நம்பர்.

“லேபுங்களா? நான் யார்டு மேஸ்திரி பேசறேன். நம்ம டில்லி ரிப்போர்ட்டு இன்னா ஆச்சு?”

“டாக்டர்கிட்டதான் சொல்லுவோம்.”

“அட இன்னா சார், நார்மல்தான? எனக்குத் தெரியும். அவன் டபாய்க்கிறான் சார். கல்யாணத்துக்கு லீவு கேட்டான், தரமாட்டேன்னேன். மீறிப் போனான். இன்னிக்கு கப்பல் சரக்கு எறங்குற நாளு. காலைல காலு வரலன்னு சீன் போடறான். நார்மல்னு ஒரு வார்த்த சொல்லுங்க, கேட் பாஸ இப்பவே புடுங்கிட்டு வேற ஆள் போட்டுக்கறேன்.”

நான் போனை வைத்துவிட்டேன். ஒருவன் இவ்வளவு ஆசையாக ஒரு நம்பருக்குக் காத்திருந்தால், அந்த நம்பர் மேலே எனக்குச் சந்தேகம் வரும். அதே சமயம் டாக்டரம்மா எதிர்பார்க்கிற நம்பர் மேலேயும் சந்தேகம் வந்தது. அவர் மனதில் ஒரு நோயை முடிவு செய்துவிட்டு எங்களைத் திட்டுகிறாரோ? டில்லிபாபு நிஜமாகவே நடிக்கிறாரோ? யாரையும் விட்டுவைக்கவில்லை. வரிசையாக எல்லாரையும் சந்தேகப்பட்டேன்.

முதலில் ரத்தத்தை. ஊசி குத்தும்போது சிவப்பு அணு உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் கொட்டிவிடும், நம்பர் பொய்யாக ஏறும். ஆனால் அப்போது மேலே தெளிந்தது சிவந்து போயிருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தெளிந்த மஞ்சள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து மெஷினை. பொட்டாசியம் எவ்வளவு என்று முன்பே தெரிந்த கன்ட்ரோல் திரவத்தைப் போட்டுப் பார்த்தேன். சரியாகக் காட்டியது. அப்புறம் பெயர் மாறிவிட்டதோ என்று குழாயையும் சீட்டையும் ஒத்துப் பார்த்தேன். அதுவும் சரி.

எல்லாம் சரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் ஒருவர் முன்பு ரத்த வங்கியில் இருந்தவர். பேசவே மாட்டார். கேட்டால் ஒரே பதில்: “பக்கத்துக் குழாயப் பார்.” அன்றைக்கு அது ஞாபகம் வந்து, பிலோமினா அக்கா கொண்டுவந்த பெட்டியில் இருந்த மற்றவர்களின் ரத்தத்தையும் பொட்டாசியத்துக்குப் போட்டேன். யாரும் கேட்காத டெஸ்ட்.

ஒரு சர்க்கரை நோயாளி, ஒரு கர்ப்பிணி, கம்பெனி வேலைக்கு உடல் தகுதி பார்க்க வந்த ஒரு பெண். அந்தப் பெண் ஓடி ஆடுகிற வயது. எல்லோருக்கும் பொட்டாசியம் ஏறியிருந்தது. அந்தத் தகுதிப் பெண்ணின் நம்பரைப் பார்த்தால் அவள் ஐ.சி.யு.வில் இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் டில்லிபாபு ஒருவருக்குத்தான் நார்மல். ஊரே ஏறி நிற்கும்போது இவர் மட்டும் சமதரையில் நிற்கிறார் என்றால், இவர் கிளம்பியது பள்ளத்திலிருந்து.

பிலோமினா அக்கா பின்பக்கம் பெட்டியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் தண்ணீர்.

“அக்கா, பெட்டில இன்னா வெச்சிருந்தீங்க?”

“ஐஸு சார்.”

“ஐஸா? மிதமா வெச்சிருக்கிற நம்ம ஜெல் பேக் என்ன ஆச்சு?”

“அது செத்துப்போய் ஒரு வாரமாவுது. சூடா கீது. இந்த வெயில்ல ரத்தத்த சும்மா எடுத்தாந்தா நாறிடாது? அதான் எங்க அண்ணன்கிட்ட சொல்லி ஐஸ் கம்பெனில ஒடச்ச ஐஸ் வாங்கி, கீழ ஒரு தட்டு, மேல ஒரு தட்டு, நடுவுல குழாயுங்க. வஞ்சிரம் அடுக்கற மாதிரி ஒயுங்கா அடுக்கினு வந்தேன். கைய வெச்சா வெறைக்கும் சார், அவ்ளோ ஜில்லு.”

பெருமையாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காசிமேட்டில் பிறந்தவருக்குச் சரக்கைக் காப்பாற்றுவது என்றால் ஐஸ். ஆனால் உயிருள்ள ரத்தம் மீன் இல்லை. சுற்றிப் பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தால் சிவப்பு அணுவின் பம்ப் குளிரில் வேலையை நிறுத்திவிடும். கசிவு மட்டும் நிற்காது. அணு உடையாது, நிறம் மாறாது. உள்ளே இருந்த பொட்டாசியம் மட்டும் சத்தமில்லாமல் வெளியே வந்துகொண்டே இருக்கும். லாரி வரிசையில் நின்ற அத்தனை நேரமும் டில்லிபாபுவின் ரத்தம் தன்னைத்தானே நார்மல் ஆக்கிக்கொண்டு வந்திருந்தது.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். “மேடம், ரத்தம் ஐஸ்ல வந்திருக்கு.”

“ஐயோ. பம்ப் நின்னிருக்கும்” என்றார். அவருக்கு அதற்கு மேல் நான் விளக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. “அப்ப நிஜமான நம்பர் என்ன?”

“இதுக்குக் கீழ. எவ்வளவு கீழன்னு தெரியாது.”

“இப்ப கழுத்தத் தூக்க முடியல அவருக்கு. மூச்சுத் தசைக்குப் போச்சுன்னா இங்க வெண்டிலேட்டர் கிடையாது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டாச்சு, அதே லாரி வரிசைலதான் நிக்குது. டிரிப்ல பொட்டாசியம் ஏத்தணும்னு எனக்குத் தோணுது. ஆனா என் கணக்கு தப்பா இருந்து ஏத்திட்டேன்னா இதயம் நின்னுடும். உத்தேசமாவாவது ஒரு நம்பர் சொல்லுங்க சார்.”

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நில்லுங்கள் என்கிறேன். உத்தேசமாக ஒரு நம்பர் என் வாயில் தயாராகவே இருந்தது. அந்தத் தகுதிப் பெண்ணுக்கு எவ்வளவு ஏறியிருக்கும் என்று ஊகித்து, அதை இவரிடமிருந்து கழித்தால் ஒரு விடை வரும். பார்க்கக் கணக்கு மாதிரியே இருக்கும். கேட்கிறவர் தவிக்கிறார், சொன்னால் நிம்மதி அடைவார். ஆனால் ஒருவர் ரத்தம் கசிகிற மாதிரி இன்னொருவர் ரத்தம் கசியும் என்று யார் சொன்னது? ஒரு பொய் நம்பரைக் கொடுத்துவிட்டு அதன் மேல் இன்னொரு ஊகத்தை ஏற்றுவதா?

“சொல்லமாட்டேன் மேடம். நானே வந்து புதுசா எடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் நார்மல்னு சொன்னத அடிச்சிடுங்க.”

“சீக்கிரம் வாங்க” என்று மட்டும் சொன்னார்.

ஸ்கூட்டரை எடுத்தேன். நெடுஞ்சாலைப் பக்கம் போகாமல் சந்து சந்தாகப் புகுந்து, கடலோரக் கற்களை ஒட்டின பாதையில் போனேன்.

வார்டில் ஒரு கட்டில்தான் நிரம்பியிருந்தது. பக்கத்தில் ஒரு கனத்த ஆள், தோளில் துண்டு, கையில் போன். குரலைக் கேட்டதும் மேஸ்திரி என்று தெரிந்தது.

“லேப்காரரா? நீங்களே பாருங்க சார். மூஞ்சில எதுனா வலி கீதா? வாய் மட்டும் பேசுது. டேய், எந்திரிடா. சாருக்கு முன்னால நடிக்காத.”

டில்லிபாபு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். குரல் இறங்கியிருந்தது. “மேஸ்திரி, சத்தியமா வரல. எந்திரிச்சா உன்ன ஒதைக்கறதுக்குத்தான் மொதல்ல எந்திரிப்பேன்.”

“பாத்தீங்களா கொழுப்ப!”

ரத்தம் எடுக்கக் கையில் பட்டை கட்டும்போது நான் எல்லோரிடமும் சொல்வேன், கையை இறுக்கி மூடித் திறக்காதீர்கள், அப்படிச் செய்தாலும் பொட்டாசியம் ஏறும் என்று. அவரிடம் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்தேன். ஈரத்துணி போலக் கிடந்தது. பட்டையை உடனே தளர்த்தி, ரத்தத்தை மெதுவாக எடுத்தேன். ஊசி உள்ளே இருக்கும்போது ஒரு ஈ வந்து அவர் மேல் உதட்டில் உட்கார்ந்தது. மூக்கு ஓரமாக நடந்தது. கண் ஓரத்துக்கு வந்தது. அவர் கண்ணை மூடி மூடித் திறந்தார். உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தார். ஊதவும் வலு இல்லை.

“சார்” என்றார், “இத்த கொஞ்சம் தொரத்துங்க. நானும் எவ்ளோ நேரமா பாத்துகினே கீறேன்.”

என் ரெண்டு கையிலும் வேலை. மேஸ்திரி அந்த ஈயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்து விசிறினார். ஈ போய்விட்டது. அவர் விசிறுவதை நிறுத்தவில்லை. நான் குழாயை மூடிக் கிளம்பும்வரை விசிறிக்கொண்டே நின்றார்.

டாக்டரம்மா வாசல்வரை வந்தார். “சட்டைப் பையில வைங்க, உடம்புச் சூட்டுல இருக்கட்டும்” என்றார். அப்படித்தான் கொண்டுபோனேன்.

லேபில் சுற்றி, மெஷினில் போட்டேன். நம்பர் அடிமட்டத்தில் இருந்தது. ஒரு கட்டுமஸ்தான ஆளை அசையவிடாமல் படுக்கப்போடுகிற நம்பர். நான் அதையும் நம்பவில்லை. திரும்ப ஒருமுறை போட்டேன். அதே நம்பர்.

“ரெண்டு தடவ பாத்தீங்களா?” என்றார் டாக்டரம்மா.

“ரெண்டு தடவ, மேடம். இத நம்பலாம்.”

“ஏத்தறேன்.” போன் வைக்கும் முன்பே நர்ஸைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

வெளியே பொட்டாசியம் அந்த அளவுக்குக் குறைந்தால் சவ்வின் ஓய்வு நிலை தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடும். மூளை ஆணையிடும், நரம்பும் தசையும் ஏற்காது. எந்த நோயில் எந்தப் பக்கம் நகரும் என்பது டாக்டர்கள் பாடம். எனக்குத் தெரிந்த மாதிரி கதை அளக்கமாட்டேன். இவர் விஷயத்தில், ஒரே நேரத்தில் அவ்வளவு சோறும் இனிப்பும் உள்ளே போனதும், பொட்டாசியம் மொத்தமாகச் செல்களுக்குள் ஓடிவிட்டது. தைராய்டு அதிகமாகச் சுரப்பதுதான் அடிக்காரணம் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள்.

பொழுது சாய்கிற நேரம் மேஸ்திரி மறுபடி போன் செய்தார். இந்த முறை கத்தவில்லை.

“சார், கால் கட்டவிரல ஆட்டறான் சார். டாக்டரம்மா சொல்லாமலே ஆட்டறான்.”

“கேட் பாஸ் என்ன ஆச்சு?”

“என் பாக்கெட்லதான் கீது. யார்கிட்டயும் குடுக்கல.” “ஒதைக்கறேன்னு சொன்னான் இல்ல, ஒதைக்கட்டும் சார். வந்து ஒதைக்கட்டும்” என்றார்.

டில்லிபாபு வைத்தியம் பார்த்துக்கொண்டு அதே யார்டுக்குத் திரும்பப் போனார். மேஸ்திரியை உதைத்தாரா என்று நான் விசாரிக்கவில்லை.

மறுநாள் பிலோமினா அக்காவும் நானும் அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் மறுபடி ரத்தம் எடுத்தோம். அக்கா வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். தகுதிப் பெண்ணின் வீட்டுப் படியில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தார்.

“மீனு கெட்டா மோந்து பாத்தா தெரியும் சார். ரத்தம் கெட்டா எத்த மோந்து பாக்கறது?”

“அதுக்குத்தான் அக்கா நம்மள வெச்சிருக்காங்க.”

“ஒயுங்கா சொல்லித் தந்திருந்தா ஐஸ் காசாவது மிச்சம்” என்று முணுமுணுத்துவிட்டு, கதவைத் தட்டினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எதை ஐஸில் வைக்க வேண்டும், எதை வைக்கக் கூடாது என்று அதுவரை எங்கள் லேபில் யாரும் அவரை உட்காரவைத்துச் சொன்னதில்லை. அன்று மதியமே சொன்னோம். அதற்குப் பிறகு அவர் எங்களைவிடக் கறாராகிவிட்டார். நர்ஸ்கள் பிரிட்ஜில் வைத்த குழாயைக் கொடுத்தால், “இத்த நீயே வெச்சுக்கமா” என்று திருப்பித் தந்துவிடுவார்.

ஜமுனா, பிரபு, உங்களிடம் நம்பர் கேட்டு அவசரப்படுத்துவார்கள். பாவமாகக் கேட்பார்கள், மிரட்டியும் கேட்பார்கள். ரெண்டு மாதிரி ஆட்களுக்கும் ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று ஒரே பதில் சொல்லுங்கள். சிவந்த ரத்தத்தை யாரும் சந்தேகப்படுவார்கள். தெளிந்த மஞ்சளாக, கன்ட்ரோல் சரியாக, பெயர் சரியாக, எந்தக் குறையும் இல்லாமல் வந்து நிற்கிறதே, அதைப் பாருங்கள். அது எந்த வழியாக வந்தது, எவ்வளவு நேரம் எங்கே கிடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் சொந்த முடிவையும் அதே மாதிரி கேளுங்கள்.

எனக்கு அந்த வாரம் முழுக்க ஒரு உறுத்தல். எல்லாரும் நான் கண்டுபிடித்ததாகச் சொன்னார்கள். ஐஸ்தான் காரணம் என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லையே? வகுப்பில் சொல்லிக் கேட்டது, புத்தகத்தில் படித்தது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை லேபுக்கு விடுமுறை. உங்கள் அம்மாவிடம் வீட்டுச் சாவியை லேபிலேயே மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். போகிற வழியில் மீன் மார்க்கெட்டில் ஒரு பை உடைத்த ஐஸ் வாங்கினேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கட்டுப் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, என் இடது கையில் நானே ஊசி குத்தி, ரெண்டு குழாய் ரத்தம் எடுத்தேன். ஒன்றை ஐஸுக்குள் புதைத்தேன். ஒன்றை மேசை மேல் நிறுத்தினேன். வெளியே போகாமல், போனைப் பார்க்காமல், நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். அந்த லாரி வரிசை எவ்வளவு நேரம் நின்றதோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம்.

பிறகு ரெண்டையும் சுற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரெண்டும் ஒரே மஞ்சள். மெஷினில் போட்டேன். மேசை மேல் இருந்த குழாயில் நான் ஆரோக்கியமாக இருந்தேன். ஐஸில் இருந்த குழாயில் என்னை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது.

ரெண்டு குழாயையும் அதற்குரிய வாளியில் போட்டு, மேசையைத் துடைத்து, ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.